பானை மூடியைச் சுட்டது நான்தான்

சொரா தீவு, மேற்குத் துறைமுகக் காவல் நிலையம். 1984 மார்ச் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. பதிவு செய்பவர் விசாரணை அதிகாரி நாம் மி-ரான்.

என் பெயர் ஹியோன் தெக்-சு. வயது அறுபத்தொன்று. தகப்பனார் பெயர் கேட்கப்பட்டது. நான் பிறப்பதற்கு முன்பே அவர் புயலில் படகோடு போய்விட்டபடியால் தாயார் பெயரை எழுதிக்கொள்ளும்படி சொன்னேன். தாயார் யாங் சுன்-ஜா, காலஞ்சென்றவர். அவர் தொழில், மூச்சடக்கிக் கடலடிக்குப் போய்ப் பாறைச் சிப்பி எடுக்கும் சுழியோடி. விலாசம் கேட்டபோது வாய்ப் பழக்கத்தில் தலைவர் மாளிகை என்று சொல்லிவிட்டேன். அதிகாரி பேனாவை நிறுத்தினார். அதன் பிறகு மேற்குக் கரை, மூன்றாம் எண் குடிசை, தற்சமயம் மேற்படி காவல் நிலையத்தின் இரண்டாவது அறை என்று திருத்திச் சொன்னேன். என் தொழில் என்ற இடத்தில் எதை எழுதுவது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. இந்தத் தீவை இருபத்திரண்டு ஆண்டு ஆண்டவன் என்று எழுதலாம். சர்வாதிகாரி என்று எழுதினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகளே இப்போது அப்படித்தான் சொல்கிறார்களாம்.

இந்த வாக்குமூலத்தை என்னிடம் யாரும் அடித்தோ மிரட்டியோ வாங்கவில்லை. நானாகக் கேட்டுக் கொடுக்கிறேன். என் மெய்க்காவல் படைத் தலைவன் காங் சே-உக் என்பவன் ஜனவரி 27ஆம் தேதி மாளிகையின் மேல்மாடி அறையில் தன்னைப் பெற்ற தாயைக் குறிபார்த்துச் சுட்டதாக வழக்கு நடக்கிறது. துப்பாக்கி அவனுடையது, குண்டும் அவனுடையது. வருகிற திங்கட்கிழமை தீர்ப்பு, தூக்குத்தான் என்று காவல்காரர்களே பேசிக்கொள்கிறார்கள். அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். அவன் வாய் திறக்கவில்லை. அவன் தாய் முதுகைக் காட்டி நின்றாள். மூன்றாவது ஆள் நான்.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் கடைசியில் நடந்தது விளங்கும். அதிகாரி சுருக்கமாகச் சொல்லச் சொன்னார். மணிக்கணக்காகப் பேசியே பழகிவிட்டேன், முடிந்தவரை சுருக்குகிறேன்.

1962ஆம் ஆண்டுக்கு முன் நான் துறைமுகக் காவலில் சார்ஜெண்டாக இருந்தேன். தீவு அப்போது பழைய ஆளுநர் கையில் இருந்தது, அவர் பெருநிலத்து வியாபாரிகள் கையில் இருந்தார். சுழியோடிகள் எடுத்துவரும் சிப்பியில் பாதியைக் கரையிலேயே அள்ளிக்கொண்டு போவார்கள். என் தாய் ஜனவரிக் கடலிலிருந்து உதடு நீலம் பாரித்து ஏறி வருவாள், வியாபாரியின் ஆள் அவள் வலைப்பையைக் கவிழ்த்துப் பெரிதாகப் பார்த்துப் பொறுக்குவான், நான் பக்கத்தில் துப்பாக்கியோடு நிற்பேன். காவல் என் தாய்க்கு அல்ல, அந்த ஆளுக்கு. ஒரு நாள் என் தாய் தலையைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நல்லா மறைச்சு நில்லுடா. காத்து அடிக்குது, பாவம் அவருக்குக் குளிரும்" என்றாள். சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் நான் முடிவெடுத்துவிட்டேன்.

எங்கள் தீவில் வீடு மாறுவது வருஷத்தில் எட்டே நாள். பழைய தெய்வங்கள் வேலை முடிந்து மேலே போயிருக்கும், அவற்றின் இடத்துக்குப் புதியவை இன்னும் வந்து சேர்ந்திருக்காது. பதினெட்டாயிரம் தெய்வமும் ஊரில் இல்லாத அந்த எட்டு நாளில்தான் சுவரை இடிக்கலாம், அடுப்பைப் பிடுங்கலாம், குடி போகலாம். மற்ற நாளில் ஓர் ஆணி அடித்தால்கூடக் கால் வீங்கும். ஆகையால் அந்த எட்டு நாளும் தீவே தெருவில் இருக்கும், யார் எதை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கே போனாலும் ஒருவரும் கேட்பதில்லை.

1962 ஜனவரி 28ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, முப்பத்தோரு பேரும் ஒன்பது வண்டியுமாகக் கிளம்பினோம். அலமாரிக்குள் ஆள், கிம்ச்சி ஊறுகாய் ஜாடிக்குள் துப்பாக்கி. முதல் வண்டியின் உச்சியில் எல்லோரும் பார்க்கும்படி என் தாயின் இரும்புப் பானையை வைத்திருந்தேன். குடி போகிறவர்கள் பானையைத்தான் முதலில் கொண்டுபோவார்கள், அது அடுப்பில் ஏறினால்தான் குடியேறியதாகும். மாளிகை வாசலில் காவல்காரர், "யாருப்பா குடி வர்றது?" என்று கேட்டார். "புது குமாஸ்தா குடும்பம்ணே" என்றேன். "குமாஸ்தாவுக்கு ஒம்பது வண்டியா? மாமனார் வீட்டுச் சீரா இது?" என்று சொல்லிக்கொண்டே, மேட்டில் சிக்கிய மூன்றாவது வண்டிக்குத் தானே வந்து தோள் கொடுத்தார். பதினோரு துப்பாக்கி இருந்தது அந்த வண்டியில்தான். பிற்பாடு அவரைத் துறைமுக மேற்பார்வையாளர் ஆக்கினேன், நன்றி மறப்பவன் இல்லை.

ஆளுநர் சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் வீடு மாறுற வாரம்தானே, நானும் மாறிக்கிறேன்" என்றார். பாதி முகத்தில் நுரை இருந்தபடியால் மீதியைச் சவரம் செய்துகொள்ள அனுமதி கேட்டார், கொடுத்தேன். அதன் பிறகு அவரைப் படகேற்றினோம். ஒரு குண்டுகூடச் செலவாகவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

இங்கே ஒரு சின்ன விஷயம், இதை விடாமல் எழுத வேண்டும். மேல்மாடி அறையில் வெள்ளைக் கம்பளம் விரித்திருந்தது. என் ஆள் ஒருவன் பானையைத் தூக்கிவந்து அதன்மேல் வைத்துவிட்டான், கரி வட்டமாகப் படிந்துவிட்டது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. பானையை அப்போதே குடிசைக்குத் திருப்பி அனுப்பினேன். மாலையில் என் தாயைப் பார்க்கப் போனேன். தீவையே பிடித்துக்கொண்டு வந்த மகனிடம் அவள் கேட்டது ஒன்றுதான். "பானைய ஏன்டா திருப்பி அனுப்புன?"

"அங்க பெரிய சமையல்கட்டு இருக்கும்மா. சமைக்க ஆள் இருக்கு."

"சரி" என்றாள். மாளிகைக்கு அவள் ஒரு நாளும் வரவில்லை. 1971இல் அந்தக் குடிசையிலேயே இறந்தாள்.

அதன் பிறகு ஆட்சி. நான் போட்ட முதல் ஆணை, எட்டு நாளில் வீடு மாறுகிறவரைத் தடுப்பவனுக்குச் சிறை, ஆயுதம் எடுப்பவனுக்குத் தூக்கு என்பது. ஏறி வந்த ஏணிக்கு மரியாதை செய்வதாக நினைத்தேன். வியாபாரிகளை விரட்டினேன். ஏழு பள்ளிக்கூடம், தீவைச் சுற்றிச் சாலை, இரண்டு டாக்டர்கள். சொன்னால் தற்பெருமை என்பார்கள், சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். அந்த நாட்களில் நான் தெருவில் நடந்தால் பெண்கள் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கையில் திணிப்பார்கள், நான் ஊதி ஊதித் தின்றுகொண்டே அலுவலகம் போவேன்.

நாலாம் வருஷம் தேர்தல் நடத்துவதாகச் சொல்லியிருந்தேன். அந்த வருஷம் காற்று அதிகம், படகுகள் வர முடியாது என்று தள்ளிவைத்தேன். அடுத்த வருஷமும் காற்று அடித்தது. இந்தத் தீவில் காற்று அடிக்காத வருஷம் கிடையாது. அதைச் சுட்டிக்காட்டிய ஆசிரியரைக் கிழக்குப் பாறைச் சிறைக்கு அனுப்பினேன். அவர் முதல் ஆள். அவருக்குப் பின் நானூற்றுப் பதினொரு பேர், அதில் பத்தொன்பது பேர் திரும்பி வரவில்லை. அவர்களைப் பற்றி அறுபத்து மூன்று பக்கம் தனியே கொடுத்திருக்கிறேன், அதில் ஒரு வரியையும் மறுக்கவில்லை. அதன் பிறகு பட்டங்கள் வந்தன. வாழ்நாள் தலைவர், கடல்களின் காவலர், கடைசியில் பதினெட்டாயிரம் தெய்வங்களின் தோழர். ஊரில் யார் வீட்டுக்கும் கதவு கிடையாது, வாசலில் மூன்று கழிதான். கழி எதுவும் இல்லையென்றால் ஆள் வீட்டில் இருக்கிறார், மூன்றும் போட்டிருந்தால் தூரம் போய்விட்டார் என்று வழிப்போக்கனுக்குத் தெரியும். நான் மட்டும் இரும்புக் கதவு போட்டேன். கிழங்கு வருவது நின்றுபோனது. காவல் அதிகமானதால் கிட்டே வர முடியவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

மெய்க்காவலுக்கு வெளியாள் யாரையும் நம்பவில்லை. இருநூற்றாறு பேரும் சுழியோடிகளின் மகன்கள். நானும் அப்படிப்பட்டவன்தான், நம் பிள்ளைகள் நம்மைச் சுட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். அது சரியான கணக்கு, சுடவில்லை. ஒவ்வொருவனும் கடல் நீரில் கை வைத்து, தலைவர் அறையில் கண்டதையும் கேட்டதையும் தலைவரே பேசச் சொல்லும்வரை வெளியில் பேசுவதில்லை என்று சத்தியம் செய்தவன். காங் சே-உக் பதினாறு வருஷமாக அதைக் காப்பாற்றினான். தூக்குக் கயிற்றுக்கு ஆறு நாள் இருக்கும்போதும் காப்பாற்றுகிறான்.

இனி அவன் தாயைப் பற்றி. அவர் பெயர் கோ மல்-சூன், வயது அறுபத்தேழு, மேற்குக் கரைச் சுழியோடிகளின் தலைவி. பதினைந்து வயதில் என் தாயின் நெருப்பு வட்டத்துக்கு வந்து கடைசிக் கல்லில் உட்கார்ந்தவர். எனக்கு அப்போது ஒன்பது வயது, அக்கா என்று கூப்பிடுவேன். நெருப்பு வட்டம் என்பது கரையில் காற்றை மறைத்து அடுக்கிய கல், நடுவே நெருப்பு. கடலிலிருந்து ஏறுகிறவர்கள் அங்கேதான் உடம்பைச் சூடாக்கிக்கொள்வார்கள். திறமைப்படி ஆளுக்கொரு கல் உண்டு, ஆண்கள் உள்ளே போகக் கூடாது. எந்த விஷயம் என்றாலும் அத்தனை பேரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசுவார்கள், ஒருத்தி முகம் கோணினாலும் எழுந்திருக்க மாட்டார்கள். ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்று நான் ஆணை போட்டிருந்தேன். ஒரு வட்டத்தில் முப்பது பேர் உட்கார்ந்தார்கள், என் ஒற்றர்கள் ஆண்களானபடியால் உள்ளே நுழைய முடியவில்லை. போன அக்டோபரில் ஏழு வட்டங்களையும் இடித்துவிடச் சொன்னேன். மல்-சூன் மூன்று மனு அனுப்பினார். ஒன்றையும் பிரிக்கவில்லை.

டிசம்பர் 26ஆம் தேதி ஓ சுன்-தொக் என்ற சுழியோடி, வயது ஐம்பத்தேழு, கடலிலிருந்து ஏறி, சூடு காய நெருப்பு இல்லாமல் ஈரத்தோடு வீட்டுக்கு நடந்தார். வீடு போய்ச் சேரவில்லை. அவர் மல்-சூனின் கடல் ஜோடி, நாற்பது வருஷமாக ஒருத்தி மூழ்கினால் மற்றவள் மேலே காத்திருப்பாள். சாவுச் செய்தி ஒரு வரியில் என் மேசைக்கு வந்தது. பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் காகிதம் உங்கள் கோப்பில் இருக்கும். என் கையெழுத்து அதில் மிக அழகாக விழுந்திருக்கிறது.

அதற்கடுத்த முப்பத்தோரு நாளில் என் ஆட்சியைக் கவிழ்க்கும் திட்டம் தயாரானது. நிலத்தில் கூட முடியாது என்பதால் அவர்கள் கடலில் கூடினார்கள். ஒற்றர்கள் கரையில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் மூழ்குகிறார்கள், ஏறுகிறார்கள், விசிலடித்து மூச்சு விடுகிறார்கள், மிதக்கும் சுரைக்குடுக்கையைப் பிடித்துக்கொண்டு சற்று நிற்கிறார்கள், மறுபடி மூழ்குகிறார்கள் என்று தினமும் எனக்கு எழுதி அனுப்பினார்கள். அந்தச் சற்று நேரத்தில்தான் எல்லாம் நடந்திருக்கிறது. ஒரு மூச்சுக்கு ஒரு வாக்கியம். ஒருத்தி சொன்னதற்கு மற்றவள் அடுத்த மூச்சில் பதில் சொல்வாள். வழக்கம்போல அத்தனை பேரும் ஒத்துக்கொள்ளும்வரை. இதை எனக்குச் சொன்னது இந்த நிலையத்தில் கூட்டிப் பெருக்குகிற அம்மாள். நானும் ஒரு சதி செய்தவன், தினைக்கள் குடித்துக்கொண்டு கதகதப்பான அறையில் செய்தேன். குளிர்காலக் கடலில் கழுத்தளவு மிதந்துகொண்டு சதி செய்தவர்களை உலகத்தில் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. என்னைக் கவிழ்க்க என்றாலும் அதைச் சொல்லும்போது என் மார்பு விரிகிறது. அதிகாரி இதை எழுதத் தேவையில்லை என்றார். எழுதும்படி வற்புறுத்தினேன்.

ஜனவரி 27ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, வீடு மாறும் எட்டு நாளில் மூன்றாவது நாள். காலை எட்டரை மணிக்கு வாசலிலிருந்து காங் சே-உக் தொலைபேசினான்.

"ஐயா, எங்கம்மா வந்திருக்காங்க."

"எதுக்கு?"

"குடி வந்திருக்காங்கய்யா. பானையோட."

"யார் வீட்டுக்கு?"

"என் வீட்டுக்குங்க."

"உன் வீடு எங்கடா இருக்கு?"

"இங்கதானுங்கய்யா. உங்க மாடிப்படிக்குக் கீழ."

சிரித்துவிட்டேன். கதவைத் திறக்கச் சொன்னேன். அவன் போனை வைக்காமல், "பின்னால இன்னும் கொஞ்சம் பேர் நிக்கிறாங்கய்யா. எல்லாம் நம்ம பசங்களோட அம்மாதான்" என்றான். எவ்வளவு பேர் என்றேன். வரிசை மீன்சந்தை வரைக்கும் போகிறது என்றான்.

தடுக்கலாமென்றால் என் முதல் ஆணை குறுக்கே நின்றது. அதைவிட, எனக்குத் தடுக்கத் தோன்றவே இல்லை. தாய்மார்கள் வந்து தங்கினால் பையன்கள் சந்தோஷமாகக் காவல் காப்பார்கள் என்று நினைத்து, எல்லோருக்கும் வாற்கோதுமைத் தேநீர் கொடுக்கச் சொன்னேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். எங்கள் பக்கத்தில் தாயும் மகனும் ஒரே வளவில் இருந்தாலும் ஒரே அடுப்பில் சமைப்பதில்லை. ஆகையால் இருநூறு தாய்மார்களுக்கு இருநூறு அடுப்பு. வரவேற்பு மண்டபத்தில் நாற்பது, நடன அறையில் முப்பத்தைந்து, என் சிலைக்கு அடியில் நல்ல மறைவு என்று பதினாறு. பையன்கள் அவரவர் அம்மாவின் அலமாரியையும் மெத்தையையும் கிம்ச்சி ஜாடியையும் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். இரண்டு கையும் வேண்டியிருந்ததால் துப்பாக்கிகளைச் சுவரில் சாய்த்துவைத்தார்கள். நண்பகலில் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். என் படையில் ஒருவன் கையிலும் ஆயுதம் இல்லை. ஒவ்வொருவன் கையிலும் ஏதோ ஒரு பாத்திரம் இருந்தது. ஒரு குரல்கூட உயராமல் என்னை நிராயுதபாணி ஆக்கியிருந்தார்கள்.

ஏறத்தாழ ஒரு மணிக்கு மல்-சூன் தன் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். காங் சே-உக் பின்னாலேயே ஓடி வந்தான். "படிக்குக் கீழ புகை போக வழியில்ல. இங்க அடுப்பு இருக்குன்னாங்க" என்று மல்-சூன் சொல்லி, குளிர் காய்வதற்காக ஆளுநர் காலத்தில் கட்டிய அடுப்பை நோக்கிப் போனார்.

"மல்-சூன் அக்கா, இது என் அறை" என்றேன்.

"உன் அறைதான்டா, யார் இல்லேன்னா? அடுப்பு சும்மாதானே கெடக்குது."

கம்பளத்தில் கரி படாமல் சுற்றிக்கொண்டு போய்ப் பானையை அடுப்பில் ஏற்றினார். அந்த எட்டு நாளில் ஏறிய பானையை அடுத்த வருஷம் அதே எட்டு நாள் வரும்வரை யாரும் இறக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காங் சே-உக்கைப் பார்த்து அதை இறக்கச் சொன்னேன். "அடுப்புல ஏறின பானைங்கய்யா. எப்படி இறக்குறது?" என்றான். அப்படியானால் சுடு என்று அவன் காதோடு சொன்னேன். மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும், "முடியாதுங்கய்யா" என்று அதே தணிந்த குரலில், மரியாதையாகவே சொன்னான். பதினாறு வருஷத்தில் அவன் எனக்கு முடியாது என்று சொன்னது அந்த மூன்று தடவைதான்.

அதன் பிறகு அவன் இடுப்பு உறையிலிருந்த கைத்துப்பாக்கியை நான் உருவினேன். அவன் தடுப்பதற்குள் சுட்டேன். நான் குறிவைத்தது பானையை அல்ல, அவர் முதுகை. நன்றாகக் குறிபார்க்கத் தெரியாதவன் நான், சார்ஜெண்டாக இருந்தபோதே அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். குண்டு தோளுக்குப் பக்கத்தில் போய்ப் பானை மூடியில் பட்டு மூடி மூன்று துண்டானது. காங் சே-உக் என் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கினான். ஆட்கள் ஓடிவந்தபோது அது அவன் கையில் இருந்தது. எல்லோரும் பார்த்தது அதைத்தான்.

மல்-சூன் திரும்பவில்லை. குனிந்து மூன்று துண்டுகளையும் பொறுக்கி முன்துணியில் போட்டுக்கொண்டார். பானைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "மூடிதான் போச்சு. அடி இருக்கு" என்றார். மேசையிலிருந்த என் வெள்ளித் தட்டை எடுத்து, அதில் குவிந்திருந்த ஆரஞ்சுப் பழங்களைக் கீழே உருட்டிவிட்டு, தட்டைக் கவிழ்த்துப் பானையை மூடினார். தினையும் வாற்கோதுமையும் கலந்த சோறு. அது வேகும்வரை என்னைச் சுற்றி நடந்ததெல்லாம் என்னைக் கேட்காமலே நடந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். போர்க்கப்பலைக் கண்டு பயப்படாதவன், அந்தப் பானை கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுப் பயந்தேன்.

சோறு வெந்ததும் முதல் கிண்ணத்தை எனக்கு வைத்தார். பசித்தது, சாப்பிட்டேன். பாதி சாப்பிடும்போது கேட்டார்.

"உன் பானை எங்கடா, தெக்-சு?"

"குடிசையில. அம்மா பானை."

"இங்க?"

"இங்க இல்ல."

"ஒரு நாளும் இங்க ஏத்தலையா?"

இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்தார். ஏளனமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். இரக்கமாகப் பார்த்தார். "அப்ப இருவத்திரெண்டு வருஷமா நீ இந்த வீட்டுக்குக் குடியே வரலியேடா" என்றார்.

இருநூறு அடுப்பு எரிகிற வீட்டில் அடுப்பு இல்லாத ஒரே ஆள் நான்தான் என்று அப்போது விளங்கியது. வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எனக்கு இல்லை. என் தாய் அன்றைக்குச் சொன்ன "சரி"க்குப் பொருள் இதுதான். கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். யாரும் திட்டவில்லை, கல்லெறியவில்லை. படிக்கட்டில் ஒரு பெண், "வழி விடுங்கடி, இவரு இறங்கட்டும், சாறு கொதிக்குது, மேல பட்டுடப் போகுது" என்றாள். இரும்புக் கதவைத் தாண்டி நடந்து குடிசைக்குப் போய்ப் படுத்தேன். மறுநாள் காலையில் அங்கேதான் என்னைக் கைது செய்தார்கள்.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார். பயம். நானூற்றுப் பன்னிரண்டு பேருக்காக எனக்கு ஆயுள் சிறை கிடைக்கும், வயதான காலத்தில் கஞ்சியாவது வரும். வீடு மாறியவளைச் சுட்டதற்கு என் சொந்த ஆணைப்படியே தூக்கு. எழுதும்போது எவன் கழுத்துக்கு என்று யார் யோசிக்கிறார்கள்.

என் மனம் மாறியது நேற்று. நேற்றைய விசாரணையில் கையில் விலங்கோடு பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீதிபதி மல்-சூனிடம் யார் சுட்டது என்று கேட்டார். "நான் பானையப் பாத்துட்டு இருந்தேன். முதுகுல எனக்குக் கண்ணு இல்ல" என்றார். என் மகன் சுடவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவான். நீதிபதியே அந்த வார்த்தைக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது. உங்கள் மகன் செய்திருக்க மாட்டார் என்று நினைக்கிறீர்களா என்று இன்னொரு முறை கேட்டார். மல்-சூன் நீதிபதியை நிமிர்ந்து பார்த்தார். "நான் நெனைக்கிறத எழுதி என்னங்கய்யா பண்றது? பாக்கல. பாக்காததப் பாத்தேன்னு சொல்லிச் சொல்லித்தானே இந்தத் தீவு இப்படி ஆச்சு" என்றார். பெற்ற பிள்ளைக்காகக்கூடப் பொய் சொல்லாத ஒரு மனுஷியை என் இருபத்திரண்டு வருஷத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டதில்லை. வைத்திருந்தால் நான் யாராக இருந்திருப்பேன் என்று தெரியவில்லை.

மதியம் அவர் இரண்டு பொட்டலம் கொடுத்தனுப்பினார். ஒன்று மகனுக்கு, ஒன்று எனக்கு. முள்ளங்கி வைத்துச் சுருட்டிய கோதுமைத் தோசை. என்னுடையதில் முள்ளங்கி நிறைய இருந்தது, சிறு வயதில் நான் அதைத்தான் பொறுக்கித் தின்பேன். தன் முதுகைக் குறிவைத்தவன் நான் என்று தெரியாமல் அனுப்பியிருக்கிறார். இந்த வாக்குமூலத்தை நாளை நீதிமன்றத்தில் படித்தபின் பொட்டலம் வராது. நியாயம்தான்.

காங் சே-உக்குக்கு நான் இடும் கடைசி உத்தரவை இதில் அப்படியே எழுதிக்கொள்ளவும். தம்பி, அந்த அறையில் கண்டதையும் கேட்டதையும் பேசு. சத்தியத்திலிருந்து உன்னை விடுவித்துவிட்டேன். நீ மூன்று தடவை சொன்ன முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்.

எனக்குக் கேட்டுக்கொள்ள இரண்டு விஷயம் உண்டு. என் குடிசையில் தாயின் பானை இருக்கிறது. தீவில் எல்லாப் பானையும் ஒரே பட்டறையில் வார்த்தவை, ஒரே அளவு. அதன் மூடியை எடுத்துப்போய் கோ மல்-சூனிடம் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றால் வற்புறுத்தாமல் வாசலில் வைத்துவிட்டு வரவும். திரும்பும் வழியில் என் குடிசை வாசலில் மூன்று கழியையும் போட்டுவிடவும். தெருவில் போகிறவர்கள், நான் உள்ளே இருப்பதாக நினைத்துக் கூப்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.

அதிகாரி இதை முழுவதும் எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். நடந்ததில் கூட்டியது இல்லை, குறைத்தது இல்லை. என் பெயருக்கு முன்னால் பழக்கத்தில் அவர் போட்டிருந்த மாண்புமிகு என்ற ஒரு சொல்லை மட்டும் அடிக்கச் சொன்னேன், அடித்தார். மற்றதெல்லாம் உண்மை என்று தெரிந்தே கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ஹியோன் தெக்-சு
சுழியோடி யாங் சுன்-ஜாவின் மகன்